தெபோராள் கையும் நாலு நிழலும்

தெபோராளோட வலது கையில வெளிச்சம் வந்தது ஆஸ்பத்திரியில கட்டைப் பிரிச்ச அன்னிக்கு இல்ல, அதைப் பார்த்துட்டு நர்ஸு மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட அன்னிக்கும் இல்ல. ஊருக்கு வந்து சேர்ந்து, பாவம் பார்க்க வந்த சனமெல்லாம் பன்னும் பழமும் குடுத்துட்டு எந்திரிச்சுப் போய், ஒரு சாயங்காலம் வழக்கம்போல கரண்டு போச்சே, அப்பத்தான் வந்துச்சு. மக பெர்சியாள் மெழுகுவர்த்தி தேடி அடுப்படிச் சாமானுக்குள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டு இருந்தா. துழாவத் துழாவ டப்பா, கரண்டி, உடைஞ்ச பல்புன்னு எல்லாம் நல்லாத் தெரியுதேன்னு திரும்பினா, அம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா, மடியில மல்லாந்து கிடக்குற கை புகையில்லாம சத்தமில்லாம மஞ்சளா எரியுது.

"மெழுகுவர்த்தி வேண்டாம் பெர்சி, மிச்சமா இருக்கட்டும்"னா தெபோராள்.

அதைப் பத்தி அவ சொன்னது அவ்வளவுதான்.

நத்தக்கரிசல்ல வீட்டுக்கு ஒரு ஆளாவது பயராபீஸுக்குப் போவாங்க. பட்டாசு செய்யிற எடத்தை அந்தப் பக்கம் யாரும் கம்பெனின்னோ பேக்டரின்னோ சொல்றதில்ல, பயராபீஸ்தான், ஏதோ பேனுக்கடியில உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு வர்ற உத்தியோகம் மாதிரி. காலையில வேன் வந்து அள்ளிட்டுப் போகும், சாயங்காலம் வெள்ளி மருந்து அப்பின மூஞ்சிகளைக் கொண்டுவந்து தட்டிட்டுப் போகும். பொட்டக்காட்டுல தள்ளித் தள்ளிக் கட்டின சின்னச் சின்ன ரூமு. ஒரு ரூமுக்கு நாலு பேருதான்னு சட்டம், கதவுலயே பெயிண்ட்ல எழுதியிருக்கும். தீபாவளி நெருங்கிட்டா அந்த எழுத்து யாரு கண்ணுக்கும் தெரியாது. அன்னிக்கு அந்த ரூமுல அஞ்சு பேரு. நாலு பேரு உள்ள உக்கார, எடம் பத்தாம அஞ்சாவது ஆளான தெபோராளை போர்மேன் வாசப்படியில உக்கார வச்சான். "பேச்சைக் குறைங்க, கையை ஓட்டுங்க, லாரி நிக்குது"ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போனான். ஓட்டின ஓட்டத்துல எதுவோ எதோடயோ உரசிச்சு. வாசப்படியில இருந்தவளைக் காத்து தூக்கி வெளிய எறிஞ்சது. அவ எந்திரிச்சு ஓடியிருக்கலாம், ஓடல. திரும்பி வந்து புகைக்குள்ள வலது கையை விட்டா. உள்ள இருந்து ஒரு கை அதைப் புடிச்சுச்சு. எந்தக் கைன்னு இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. இழுத்தா. யாரும் வரல.

வெளிச்சம்னு ஒண்ணு இருந்தா நிழலும் விழணுமில்ல. விழுந்துச்சு. எதுத்த சுவத்துல பானையோட நிழலும் கொடியில கிடந்த பாவாடை நிழலும் விழுந்துச்சு, அதுங்களுக்குப் பின்னால, தரையில குனிஞ்சு உக்காந்த நாலு பொம்பளைங்களோட நிழலும் விழுந்துச்சு. வீட்டுக்குள்ள அப்படி யாரும் உக்காந்திருக்கல. அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள இருந்த அதே நாலு பேரு. கொண்டை ஒருபக்கமாச் சரிஞ்சு கிடந்தது பேச்சியம்மா. ஒரு காலை மடக்க முடியாம நீட்டி வச்சிருந்தது இருளாயி. ரெண்டாளு அகலத்துக்கு இருந்தது சண்முகக்கனி. ரெட்டைச்சடை போட்டிருந்தது முனீஸ்வரி. பன்னெண்டாவது வரைக்கும் பெர்சியோட ஒரே பெஞ்சுல உக்காந்து, ரெண்டு மார்க்குக் கூடவே எடுத்துப் பாஸாகி, பெர்சி காலேஜுக்குப் பஸ் ஏறின அதே வாரத்துல வேன் ஏறினவ. நாலு நிழலும் பட்டாசுச் சரம் பின்னிக்கிட்டு இருந்துச்சுங்க. விரல் போறதும் வர்றதும் அப்படியே தெரிஞ்சது. ஒரு நிமிஷம் நிக்கல.

பெர்சி முதல் நாள் அந்த ரெட்டைச்சடையைப் பார்த்தா. அதுக்கப்புறம் அந்தச் சுவத்துக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவா, முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவா, அம்மாவுக்கு ஊட்டி விடுறதுன்னாக்கூட நடுவுல வந்து மறைச்சுக்கிட்டு உக்காருவா.

ஊரு அப்படி இல்ல. ஊருக்கு வெளிச்சம் கெடைச்சது. சாத்தூர் பக்கத்துல தினம் சாயங்காலம் கரண்டு போற ஊருல காசில்லாம ஒரு வெளிச்சம் கெடைச்சா யாராவது வேண்டாம்பாங்களா? முதல்ல பக்கத்து வீட்டுப் புள்ளைங்க பொஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்துச்சுங்க. அப்புறம் முறத்தோட பொம்பளைங்க வந்தாங்க, ரேஷன் அரிசியில கல்லு பொறுக்க இந்த வெளிச்சம் மாதிரி வராது மதினின்னாங்க. ஒருத்தி ஊசியில நூல் கோக்க வந்தா, ஒருத்தி புள்ளைக்குப் பேன் பார்க்க வந்தா, மேலத்தெருக்காரி கோழி அவயத்துக்கு வச்ச முட்டையெல்லாம் கொண்டுவந்து ஒவ்வொண்ணா கைக்கு நேரா புடிச்சுக் குஞ்சு இருக்கான்னு பார்த்துட்டுப் போனா. லைன்மேன்கூட எட்டிப் பார்த்து, "எங்க பொழப்புல மண்ணைப் போடுறியே மதினி"ன்னான். கொஞ்ச நாள்ல உரிமையும் வந்துருச்சு. தெபோராள் வலி தாங்காம கையைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டா, "ஏ, கையை இந்தப் பக்கம் காட்டேன், பாதி அரிசி கிடக்கு"ன்னு அதட்டினாங்க.

"அது எங்கம்மா கை, டியூப்லைட்டு இல்ல"ன்னா பெர்சி.

"நீ காலேஜ் படிக்கிறவ, அப்படித்தான் பேசுவ. தள்ளி உக்காரு, நிழல் மறைக்குது"ன்னாங்க.

நிழலுங்களையும் ஊரு சும்மா விடல. பேச்சியம்மா புருசன் கருத்தப்பாண்டி ஆடு பத்திட்டு வந்த கையோட, தொரட்டிக்கம்பை வாசல்ல சாத்திட்டு, சுவத்துக்கு முன்னால வந்து குந்துவாரு. "ஏ பேச்சி, அந்தச் சின்ன டிபன் பாக்ஸை எங்கடி வச்சுத் தொலைச்ச? வீடு பூராத் தேடிட்டேன்." நிழல் நிமிராது. "உசுரோட இருக்கும்போதும் இப்படித்தான் தாயி"ன்னு தெபோராளைப் பார்த்துச் சொல்லுவாரு, "நான் பேசப் பேச வேலையைத்தான் பார்ப்பா." இருளாயியோட தங்கச்சி தூக்குவாளியில டீ கொண்டுவந்து சுவத்தோரமா வச்சுட்டு, ஆறினப்புறம் தானே எடுத்துக் குடிச்சிட்டுப் போவா. சண்முகக்கனி புள்ளைங்க நிழலோட மடி இருக்கிற எடத்துல தலையை வச்சு சுவத்துல சாஞ்சுக்கிட்டுத் தூங்கிப் போகும். ஞாயித்துக்கிழமையும் அதுங்க பின்னிக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க, "லீவுகூடக் கெடையாதா இவுகளுக்கு"ன்னு ஒரு கிழவன் கேட்டான்.

முனீஸ்வரியோட அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வந்து சுவத்தைத் தடவிக்கிட்டே, "எந்தப் பக்கம் பெர்சி, எம்புள்ள எந்தப் பக்கம்?"னு கேட்டா.

"எனக்குத் தெரியாது அத்தை"ன்னா பெர்சி, சுவத்துப் பக்கம் திரும்பாம.

போர்மேன் ஒரு நாள் வந்தான். கையில ஒரு தாரு பழம், மூஞ்சியில தூக்கமில்லாத கறுப்பு. உள்ள நுழைஞ்சவன் நிழலைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கே தெரியாம, வருசக்கணக்கா வாயில ஊறினது தன்னால வந்துச்சு: "பேச்சைக் குறைங்க, கையை ஓட்டுங்க." நிழலுங்க பேசிக்கிட்டா இருந்துச்சுங்க? ஆனா கை ஓடுச்சு. நாலு பேரு விரலும் சரசரன்னு வேகம் புடிச்சுச்சு, கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தவங்க முறத்தைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினாங்க, தெபோராள் கையைப் பொத்தி இருட்டாக்குன அப்புறந்தான் ஓட்டம் நின்னுச்சு. போர்மேன் பழத்தை அங்கயே வச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டுப் போனான். அதுக்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் அவன் வரல.

அப்புறம் பாஸ்டர் வந்தாரு.

பாஸ்டர் ஞானசிகாமணி கெட்ட மனுஷன் இல்ல, அதுதான் பெர்சிக்குத் தொல்லை. கெட்ட மனுஷனா இருந்தா ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பா. தெபோராள் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வராண்டாவுல துண்டை விரிச்சுப் படுத்துக் கிடந்தவரு, ரத்தம் குடுத்தவரு. அவரோட ஓடு போட்ட சபையில ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ற நேரம்னு ஒண்ணு உண்டு. அதுக்கு ஒரு வரிசை இருக்கு, யாரும் எழுதி வைக்கல, எல்லாருக்கும் தெரியும். எந்திரிச்சு எல்லாருக்கும் ஸ்தோத்திரம்னு ஆரம்பிக்கணும். பட்ட கஷ்டத்தைச் சொல்லணும். கர்த்தர் எப்படி அதுல இருந்து தூக்கினாருன்னு சொல்லணும். நன்றி சொல்லி உக்காரணும். சொல்றவங்க மூச்சு விடுற எடத்துல எல்லாம் சபை ஸ்தோத்திரம்னு குரல் குடுக்கும், பாரம் தூக்குறவனுக்கு ஒரு கை குடுக்குற மாதிரி. தெபோராள் ஊருக்கு வந்ததுல இருந்து ரெண்டு மூணு தடவை எந்திரிச்சா. கஷ்டம் வரைக்கும் சொன்னா. அதுக்கு மேல வாய் வராம நின்னுட்டு உக்காந்துட்டா.

"கன்வென்ஷன் வருது சிஸ்டர்"னாரு பாஸ்டர். "ஸ்கூல் கிரவுண்டுல பெரிய பந்தல். நீங்க மேடையில சாட்சி சொல்லணும். கர்த்தர் உங்களைப் பொன்னைப் போலப் புடம் போட்டிருக்காரு."

"அப்ப மத்த நாலு பேரு என்ன பாஸ்டர், தகரமா?"ன்னா பெர்சி.

"நான் அப்படிச் சொல்லல பாப்பா. கர்த்தர் உங்கம்மாவுக்கு ஒரு நோக்கம் வச்சுத்தான் அன்னிக்கு வாசப்படியில உக்கார வச்சாரு."

"கர்த்தர் உக்கார வைக்கல, போர்மேன் உக்கார வச்சான். ரூமுக்குள்ள எடமில்ல. சட்டப்படி நாலு பேரா இருந்து எங்கம்மாவும் அதுல ஒண்ணா இருந்திருந்தா, உள்ளதான் இருந்திருக்கும். அப்ப உங்க நோக்கம் எங்க போயிருக்கும்?"

"பெர்சி"ன்னா தெபோராள்.

"இரும்மா. பந்தல் யாரு போடுறா பாஸ்டர்? லைட்டு செட்டு, ஜெனரேட்டர்?"

பாஸ்டர் கர்ச்சீப்பால கழுத்தைத் துடைச்சாரு. "மொதலாளிதான். அவரும் மனம் வருந்தி நிக்கிறாரு. ஒரு மனுஷன் கர்த்தர்கிட்ட வர்றப்ப நாம கதவைச் சாத்தக் கூடாது."

"ரூமு கதவுல எழுதினதை மட்டும் பார்க்காம இருக்கலாமோ?"

அவரு கர்ச்சீப்பை மடிச்சுப் பையில வச்சாரு. அப்புறம் பெர்சியை விட்டுட்டு தெபோராளைப் பார்த்து, தாழ்ந்த குரல்ல சொன்னாரு: "சிஸ்டர், வெளிச்சம் கர்த்தரோடது. அந்த நிழல் அவரோடது இல்ல. செத்தவங்க ரூபத்துல வர்றது எதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்க பாதிச் சாட்சியிலயே நிக்கிறதாலதான் அது உங்களைப் புடிச்சுக்கிட்டு நிக்குது, அதனாலதான் இந்த வலியும். மேடையில முழுசாச் சொல்லி முடிங்க. நான் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணி அதுங்களைத் துரத்துறேன். கையும் ஆறிப்போகும்."

அவரு போனப்புறம் கருத்தப்பாண்டி வாசல்லயே நின்னாரு. எல்லாத்தையும் கேட்டிருந்தாரு. "துரத்திருவாகளா தாயி?"ன்னு மட்டும் கேட்டாரு.

தெபோராள் கையைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டா.

வலின்னா அது சாதாரண வலி இல்ல. வெளிச்சம் இருக்கிற நேரம் முழுக்க, புகைக்குள்ள விட்ட அந்த நிமிஷத்துலயே கை நின்னுக்கிட்டு இருந்துச்சு. வாழையிலை வச்சுப் பார்த்தாங்க, தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாங்க, சாத்தூர்ல இருந்து டியூப் மருந்து வாங்கியாந்து பூசினாங்க. கையைத் தண்ணி வாளியில வச்சா வாளி பூரா வெளிச்சமாச்சே தவிர வலி அடங்கல. பகல்ல மட்டும் கொஞ்சம் அமரும். அப்பத்தான் அவ கொஞ்சம் தூங்குவா.

"நான் போறேன் பெர்சி"ன்னா அவ, கன்வென்ஷனுக்கு முந்தின நாள், மக ஊட்டின சோத்தை முழுங்கிட்டு.

"கர்த்தர் என்னைக் காப்பாத்தினாருன்னு சொல்லப்போறியா?"

"காப்பாத்தலையா? உனக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கேன்ல?"

"உன்னை மட்டுமா? அவ்வளவு ஓரவஞ்சனை புடிச்ச ஆளுக்கா நீ இத்தனை வருஷம் முழங்கால் போட்ட? வெளிய வான்னு உன் பேரைச் சொன்னவருக்கு முனீசு பேரு தெரியலையா? பேச்சியத்தை பேரு தெரியலையா? நீ மேடையில நின்னு நன்றின்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் அவங்க நாலு பேரையும் திரும்ப உள்ள தள்ளிக் கதவைச் சாத்துற, அவ்வளவுதான்."

"எனக்கு மட்டும் தெரியாதா அது?" தெபோராள் குரல் உடைஞ்சுச்சு. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த எடத்துலதான நான் நின்னு போறேன்? ஆனா வலிக்குதுடி. அணைஞ்சாப் போதும்னு இருக்கு. பொய் சொன்னாத்தான் அணையும்னா பொய் சொல்லிட்டுப் போறேன், அவரு புரிஞ்சுக்குவாரு."

"அவருகிட்ட இன்னமும் பேசுறியா நீ?"

"முன்ன எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பேன். மக படிக்கணும், மழை பெய்யணும், வேன் சீக்கிரம் வரணும்னு. இப்ப ஒண்ணும் கேக்குறதில்ல. நான் சும்மா உக்காந்திருக்கேன். அவரும் சும்மா உக்காந்திருக்காருன்னு தோணுது. அது நல்லதா கெட்டதான்னு தெரியல."

"நீ மேடை ஏறினா நான் உனக்கு மக இல்ல"ன்னா பெர்சி. தட்டைக் கழுவாம வச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா.

மறுநாள் பொழுது சாயும்போது ஸ்கூல் கிரவுண்டு கொள்ளாத சனம். சுத்துப்பட்டு ஊருல எல்லாம் இருந்து வேன் வேனா வந்து எறங்கினாங்க, காலையில பயராபீஸுக்கு அள்ளிட்டுப் போற அதே வேனு. சபைக்காரங்க பாதின்னா, கையைப் பார்க்க வந்தவங்க பாதி. மேடைக்குப் பின்னால தெரையா ஒரு பெரிய வெள்ளைத் துணி, ஒரு தெரு அகலம் இருக்கும். முன் வரிசை சோபாவுல மொதலாளி, மடியில சால்வை. கடைசி ஓரத்துல, ஜெனரேட்டர் பக்கத்துல, கருத்தப்பாண்டியும் முனீஸ்வரி அம்மாவும் மத்தவங்களும் நின்னாங்க, வழியனுப்ப வந்தவங்க மாதிரி. வரவே மாட்டேன்னு சொன்ன பெர்சியும் அவங்களுக்குப் பின்னால வந்து நின்னா, எதுக்கு வந்தேன்னு தன்னையே திட்டிக்கிட்டு.

பாடி முடிச்சாங்க. பாஸ்டர் கையைத் தூக்கினதும் லைட்டெல்லாம் அணைஞ்சது. தெபோராள் சேலைத் தலைப்பை விலக்கி கையை நீட்டினா. கூட்டம் மூச்சை இழுக்குறது கேட்டுச்சு. கையோட வெளிச்சம் மேடையைத் தாண்டித் துணியில போய் விழுந்துச்சு, துணியில நாலு பொம்பளைங்க பனைமரம் ஒசரத்துக்கு உக்காந்து சரம் பின்னினாங்க.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்"னா தெபோராள்.

"ஸ்தோத்திரம்!"னு கிரவுண்டே குரல் குடுத்துச்சு.

"அன்னிக்கு அந்த ரூமுல நாங்க அஞ்சு பேரு."

"ஸ்தோத்திரம்!"

"நாலு பேருதான் இருக்கணும்."

"ஸ்தோத்திரம்!"

"பேச்சியக்கா உள் மூலையில இருந்தாங்க. சண்முகக்கனி அவங்க பக்கத்துல. இருளாயி காலை நீட்டி உக்காந்திருந்தா, அவளால சட்டுனு எந்திரிக்க முடியாது. முனீசு வேலைக்கு வந்து ஒரு வருஷங்கூட ஆகல."

ஒவ்வொரு பேருக்கும் ஸ்தோத்திரம் விழுந்துச்சு. தெபோராள் மூச்சு வாங்கினா. "அவங்க எரிஞ்சு போனாங்க"ன்னா.

"ஸ்தோத்திரம்!"

அத்தனை ஆயிரம் வாயும் ஒண்ணாச் சொல்லிருச்சு. யாரும் வேணும்னு சொல்லல. சொல்லிச் சொல்லி ஊறின வாயி, மூச்சு விட்ட எடத்துல தன்னால சொல்லிருச்சு. சொன்னது ஸ்பீக்கர்ல போய், எதுத்த பாறையில மோதி, ஒரு நொடி கழிச்சு அவங்க காதுக்கே திரும்பி வந்துச்சு. அப்பத்தான் என்ன சொன்னோம்னு கேட்டுச்சு. மடியில இருந்த புள்ளை அழுதாக்கூட வாயைப் பொத்தினாங்க.

தெபோராள் அதே எடத்துல, எப்பவும் நிக்கிற அதே எடத்துல நின்னா. உதடு ஆடுது, குரல் இல்ல. கை வெடவெடன்னு நடுங்குது, துணியில நிழலெல்லாம் தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி அலையுது.

"முடிங்க சிஸ்டர்"னாரு பாஸ்டர் பக்கத்துல வந்து, மெதுவா. "கர்த்தர் என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க." அவ சொல்லல. துணிப்பக்கம் திரும்பி, மைக்கை இறுக்கிப் புடிச்சு, முழுத் தொண்டையில கத்தினாரு: "இருளின் ஆவிகளே, போங்க! இந்த நிமிஷமே போங்க, சீக்கிரம்!"

நாலு நிழலும் அதட்டலைக் கேட்டுச்சுங்க. கை வேகம் புடிச்சுச்சு.

"போங்கன்னு சொல்றேன்!" இன்னும் வேகம். சோபாவுல இருந்து மொதலாளி எந்திரிச்சு, "லைட்டைப் போடுங்கய்யா, என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க!"ன்னு இரைஞ்சான். அந்தக் குரலுக்கு நிழலுங்க தோளும் சேர்ந்து ஆட ஆரம்பிச்சது. கண்ணுக்கு விரல் தெரியல. சரம் துணியில மலைப்பாம்பு மாதிரி குவியுது.

அங்க உக்காந்திருந்த அத்தனை பேரும் பயராபீஸுச் சனம். வேகம்னா என்ன, அதுக்கப்புறம் என்ன வரும்னு ஒருத்தருக்கும் சொல்லித் தரவேண்டியதில்ல. முன் வரிசை எந்திரிச்சுப் பின்னால தள்ளுது, புள்ளைங்களைத் தூக்குறாங்க, சேரு சாயுது. ஓடத் திரும்பின கூட்டத்துக்கு நடுவுல இருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு, யாருன்னு தெரியல, ரூமுல பக்கத்துல உக்காந்திருக்கிறவகிட்ட சொல்ற அதே குரல்: "மெதுவா புள்ளைங்களா! மெதுவா!"

இன்னொருத்தி சொன்னா. இன்னும் பத்துப் பேரு. ஓடினவங்க நின்னாங்க. ஸ்தோத்திரம் சொன்ன அத்தனை வாயும் இப்ப துணியைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டி, கெஞ்சிக் கெஞ்சிச் சொல்லுச்சு: "மெதுவாம்மா... மெதுவா... ஒண்ணும் அவசரமில்ல... லாரி நிக்கட்டும்..."

பெர்சிக்கு எப்ப ஓடினோம்னு தெரியல. மேடைப் படியில முழங்காலைச் சிராய்ச்சுக்கிட்டு ஏறி, பாஸ்டரைத் தோளால இடிச்சுத் தள்ளிட்டு, அம்மாவோட எரியிற கையை ரெண்டு கையாலயும் பொத்தாம, கீழ இருந்து தாங்கிப் புடிச்சா. வெளிச்சம் எரியிற நேரத்துல அவ அதைத் தொட்டது அன்னிக்குத்தான் முதல் தடவை. வலி தோள் வரைக்கும் ஏறிச்சு. இதையா அம்மா தினம் சாயங்காலம் மடியில வச்சுக்கிட்டு இருந்தா, கல்லு பொறுக்குறவங்களுக்கு இந்தப் பக்கம் காட்டு அந்தப் பக்கம் காட்டுன்னு திருப்பிக்கிட்டு இருந்தா? பெர்சி கத்தல. தலையைத் தூக்கி, ரெட்டைச்சடையை நேருக்கு நேரா பார்த்தா.

"முனீசு"ன்னா. "நான்தான். மெதுவா."

ரெட்டைச்சடை கையை நிறுத்துச்சு. ஒண்ணு நிக்க, பக்கத்துல ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு. நாலு பேரும் கையை மடியில போட்டாங்க. பேச்சியம்மா நிழல் சேலைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுச்சு. பின்னால எங்கயோ கருத்தப்பாண்டி "ஏ ஆத்தா"ன்னு அலறினது கேட்டுச்சு.

அதுவரைக்கும் அந்த வெளிச்சத்தை யாரும் ஆடாமப் புடிச்சதில்ல. வீட்டுச் சுவரும் சின்னச் சுவரு, ரூமு முழுசா அதுல விழ எடமில்ல. இப்ப கை ஆடல, துணியும் பெருசு, ரூமு பூரா தெரிஞ்சது. கதவோட சட்டம் தெரிஞ்சது, ஜன்னல் கம்பி தெரிஞ்சது. நாலு பேருக்கு நடுவுல, மருந்துத் தட்டுக்குப் பக்கத்துல, அஞ்சாவதா ஒரு ஆளு உக்காந்திருக்கிறது தெரிஞ்சது. ஆம்பளை. சம்மணம், எல்லாரையும் போல குனிஞ்ச முதுகு, பாதி பின்னின சரம் கையில. அதைக் கீழ வச்சுட்டு அந்த ஆளும் மத்தவங்க மாதிரி கையை மடியில மல்லாத்திப் போட்டாரு. ரெண்டு உள்ளங்கையிலயும் நடுவுல வெளிச்சம் ஊடுருவி வந்துச்சு, ஓட்டை விழுந்த ஓலை வழியா வர்ற மாதிரி.

பாஸ்டர் மைக்கைக் கீழ விட்டாரு. அது மேடையில உருண்டு ஒரு ஓரமாப் போய் நின்னுச்சு.

பெர்சிக்கு அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு, இத்தனை நாளும் வந்ததைவிடப் பெரிய கோவம். "உள்ளயா இருந்த?"ன்னு கேட்டா, மைக்கு இல்லாமலே கடைசி வரைக்கும் கேட்டுச்சு. "உள்ள இருந்துக்கிட்டா சும்மா இருந்த? கூட உக்காந்து எரியிறதுக்கா வந்த? தூக்கிட்டு வெளிய வரத் தெரியலையா உனக்கு?"

நிழல் பதில் சொல்லல. தலையைக் குனிஞ்சும் வச்சுக்கல. அவ கேக்குறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

தெபோராள் மக தோள்ல சாஞ்சுக்கிட்டு கூட்டத்தைப் பார்த்தா. "இதுக்கு முடிவு என்கிட்ட இல்லீங்க"ன்னா. "இவ்வளவுதான்."

ஸ்தோத்திரம்னு யாரும் சொல்லல. கடைசி ஓரத்துல இருந்து கருத்தப்பாண்டிதான் சொன்னாரு, "சரி தாயி. எறங்கி வாங்க."

அதுக்கப்புறம் ஊரு அதையும் வழக்கம்போல சேர்த்துக்கிச்சு. அந்த ஆளு யாருன்னு டீக்கடையில சண்டை நடந்துச்சு, சபைக்காரங்க உள்ளங்கையில இருந்தது ஆணி அடிச்ச ஓட்டைன்னாங்க, மத்தவங்க அய்யனாருன்னாங்க. கருத்தப்பாண்டி மட்டும், யாரா இருந்தாலும் அந்த ஆளுக்குச் சரம் பின்ன வராது, பேச்சிதான் ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுக்கான்னு சிரிச்சாரு. மொதலாளி சால்வையை விட்டுட்டுப் போயிருந்தான். அடுத்த வாரம் வேன் வந்தப்ப, ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஏறமாட்டோம்னு பொம்பளைங்க ரோட்டுலயே உக்காந்தாங்க. பாஸ்டரும் வந்து அவங்களோட தரையில உக்காந்தாரு, அன்னிக்குப் பிரசங்கம் ஒண்ணும் பண்ணல.

தெபோராள் கை ஆறல. வலி அப்படியேதான் இருக்கு, பாதி பெர்சி தாங்குறா. கரண்டு போற நேரத்துக்குக் காலேஜ்ல இருந்து வந்துருவா, பையை வீசிட்டு அம்மா கைக்கு அடியில தன் கையைக் குடுத்து உக்காருவா. முனீஸ்வரி அம்மாவோட விரலைப் புடிச்சு, "இந்தா இங்க அத்தை, இதுதான் சடை"ன்னு சுவத்துல வச்சுக் காட்டுவா. அப்புறம், கை ஆடாததால வீட்டுச் சுவத்துலயும் இப்ப தெரியிற அஞ்சாவது நிழல் பக்கம் திரும்பி ஆரம்பிப்பா. முந்தாநாள் எந்த ரூமு வெடிச்சது, யாரு புள்ளை போச்சு, அப்ப எங்க இருந்த, ஏன் அப்படி, ஏன் இப்படின்னு, அரிசி பொறுக்குறவங்க காதைப் பொத்துற அளவுக்குத் திட்டுவா. ஒரு நாள் விடாம திட்டுவா. கேட்டுக்கிட்டு இருக்கிற தெபோராள் சிரிப்பை அடக்கிக்குவா.

அதுக்குப் பேரு ஜெபம்னு அவகிட்ட யாரும் சொல்லல. சொன்னா நிறுத்திருவா.